தாழ்ப்பாள் யார் பக்கம்

சாயப்பட்டறைத் தண்ணீர் ஒரு நாள் பச்சையாகவும் ஒரு நாள் ஊதாவாகவும் ஓடுகிற ஓடைக்கு இந்தப் பக்கம், பனியன் கம்பெனிகளின் முதுகுப்புறத்தில், ஓட்டுக்கூரையும் இரண்டு வீட்டுக்கு ஒற்றைச் சுவருமாக ஒரு லைன் வீடு இருந்தது, இப்போதும் இருக்கிறது, அதில்தான் நாங்கள் இருக்கிறோம். தாராபுரத்திலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் தேனியிலிருந்தும் திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் தன் அடுப்பைப் போய்ப் பார்க்கிற அளவுக்கு நெருங்கியும், பக்கத்து வீட்டில் அழுகை கேட்டால் டிவியைச் சத்தமாக வைக்கிற அளவுக்கு விலகியும் குடியிருந்தவர்கள். அந்த லைனில்தான் ஒரு காலைப்பொழுதில் சுவரெல்லாம் கதவு முளைத்தது, அந்தக் கதவுகளில் ஒன்று திறந்துவிடக் கூடாதே என்று நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்ததும் அங்கேதான்.

லைனின் கடைசி அறை அம்சவேணியின் தையல் கூடம். முன்னால் பாதி ஏற்றிய ஷட்டர், உள்ளே ஒரு மெஷின், ஒரு வெட்டு மேஜை, சுவர் முழுக்க ஆணியில் நிறம் நிறமாகத் தொங்கும் பட்டுநூல் கண்டுகள், பின்னால் ஒரு ஸ்டவ்வும் ஒரு பாயும். அவளுக்கு வீடும் அதுதான். கல்யாண ரவிக்கையில் அவள் போடுகிற முடிச்சுத் தையலைக் கையால் தடவினால் கடுகைக் கொட்டி ஒட்டவைத்த மாதிரி இருக்கும். நல்ல கை, பொல்லாத வாய். அளவு ரவிக்கை இல்லாமல் வந்தால் திட்டுவாள், சொன்ன நாளைக்கு முன்னால் வந்து நின்றால் திட்டுவாள், வேலை முடிந்தும் நின்று கதை பேசினால் ஷட்டரை இறக்கிவிடுவாள். கத்தரிக்கோலை வாய் பிளந்தபடி வைக்கக் கூடாது, விளக்கு வைத்த பிறகு ஊசியைக் கைமாற்றக் கூடாது, உடம்பில் கிடக்கிற துணியில் ஊசி போடவே கூடாது, போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு துரும்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, கடைசி முடிச்சு விழும்வரை அதை விடாமல், ஒரு வார்த்தை பேசாமல் தைக்க வேண்டும், ஏனென்றால் துணியை உடம்போடு வைத்துத் தைப்பது பிணத்துக்குத்தான், துரும்பைக் கடித்தால் இது பிணமில்லை, உயிர் என்று ஊசிக்குத் தெரிந்துவிடும். இதெல்லாம் அந்தக் கூடத்தின் சட்டம், எங்கள் அம்மாக்கள் எங்களுக்குச் சொன்னதும் அதேதான்.

ரேணுகா வந்து சேர்ந்தது ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த சமயம். வயிற்றில் ஐந்து மாதம், ஒரு காது மடல் தோடு இழுபட்டுக் கிழிந்திருந்தது, கையில் இருந்த துணிமூட்டை கட்டம்போட்ட ஓர் ஆண்பிள்ளைச் சட்டையால் கட்டியிருந்தது. வெள்ளக்கோவிலில் புருஷன், பெயர் தண்டபாணி, லாரி ஓட்டுகிறான். அவ்வளவுதான் சொன்னாள், நாங்களும் அதற்குமேல் கேட்கவில்லை, கேட்க அந்தக் காது விடவில்லை. லைனின் நடுவீட்டில் குடிவந்து கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். யாராவது கதவைத் தட்டினால் அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறும், பால்காரர் தட்டினாலும் ஏறும். வெளியே நிற்பவர் 'நான்தான்' என்று சொன்னால் இன்னும் மோசம். புருஷன் குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டும்போது அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வானாம்.

பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் போடக் கூடாது, நாலுபேர் உடுத்தித் துவைத்து மெத்தென்று ஆன பழந்துணியில்தான் போட வேண்டும், அதுவும் சொந்தக்காரர்கள் கட்டிய துணியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோர் வீட்டு வழக்கமும்தான். ரேணுகாவுக்குப் பழந்துணி கொடுக்கச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. அம்சவேணி ஒரு நாள் ஷட்டரை முழுசாக ஏற்றிவைத்துவிட்டு வீடு வீடாக வந்தாள். "பழசு கொண்டாங். கிழிஞ்சதா இருந்தாலும் பரவால்ல, அழுக்கா இருந்தா வேண்டாம்" என்றாள். கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்து தன் மகள் சீர்ப் பாவாடையின் வெல்வெட்டைக் கொடுத்தார், அவர் மனைவி சரஸ்வதி முகூர்த்தப் பட்டின் நைந்த கரையைக் கொடுத்தாள், ஷகிலா சரிகை உதிர்ந்த ஒரு துப்பட்டாவைக் கொடுத்தாள், இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்த அந்தோணி வேளாங்கண்ணிக்கு நடந்தபோது கட்டிய காவி வேட்டியைத் தலையணைக்கு அடியிலிருந்து உருவிக் கொடுத்தார்.

அந்தத் துண்டுகளைக் கொண்டு அம்சவேணி ஒரு ஒட்டுப்போர்வை செய்தாள். சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை, துணி எந்தக் கோணலில் கிழிந்து வந்ததோ அந்தக் கோணலிலேயே ஒன்றின் ஓரத்தின்மேல் ஒன்றை ஏற்றி, ஏற்றிய ஓரத்தை மடித்து, மடித்த கோட்டின்மேல் இறகுத் தையலும் மீன்முள் தையலும் சங்கிலித் தையலுமாக ஓட்டி, நடுவில் தொடங்கிய நூல் கிளை கிளையாகப் பிரிந்து விளிம்புவரை அறுபடாமல் போகும்படி, மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தாள். நடுவைச் சுற்றி ரேணுகாவின் பழைய சேலையை வளைத்து வைத்தாள், மற்ற வீடுகளின் துணியெல்லாம் அந்தச் சேலையைத் தொட்டுக்கொண்டு நின்றன. நட்டநடுவுக்கு மட்டும் துணி வேண்டியிருந்தது. பிள்ளையின் நெஞ்சில் அப்பன் கட்டிய துணி படவேண்டும் என்பதும் எங்கள் வழக்கம்தான். ரேணுகா அந்தச் சேலையைச் சுற்றிக் கொடுத்திருந்த கட்டம்போட்ட சட்டை அம்சவேணியின் மேஜையில் கிடந்தது. ரேணுகா வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுகிறாள் போலிருக்கிறது, எத்தனை ஆனாலும் அப்பன் அப்பன்தானே என்று நினைத்து, யாரையும் கேட்காமல், முதுகுப் பக்கத்தில் ஐந்து மூலையாக ஒரு துண்டை வெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே நடுவில் வைத்து, கட்டமே தெரியாத அளவுக்கு அதன்மேல் பூவேலை செய்துவிட்டாள்.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று சாயங்காலம் அந்தப் போர்வையில் போட்டுச் சுற்றினோம், அழுதுகொண்டு வந்த பிள்ளை சட்டென்று அடங்கித் தூங்கியது, நாங்களும் தூங்கினோம், விடிந்து பார்த்தால் சுவர்களில் கதவுகள் நின்றன. மரக்கதவுகள், பச்சைப் பெயிண்ட், பல வருஷம் கைபட்ட மாதிரி நடுவில் பளபளப்பு. போர்வையில் எந்தத் துணி எந்தத் துணியைத் தொட்டுக்கொண்டிருந்ததோ அந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு. இடையில் நாலு வீடு இருந்தாலும் கதவைத் திறந்தால் நேரே அந்த வீடுதான். முதல் நாள் சத்தம் போட்டோம், அடுத்த நாள் சண்டை போட்டோம், அந்த வாரம் முடிவதற்குள் குழம்புக் கிண்ணங்கள் போய்வரத் தொடங்கிவிட்டன. நாச்சிமுத்து வேட்டி மாற்றுகிற மூலை ஷகிலாவின் அடுப்படிக்குத் திறந்ததால் அவர் பக்திப் பாட்டைப் பெருங்குரலில் பாடிக்கொண்டே வேட்டி மாற்றப் பழகினார். சரஸ்வதியின் சமையல்மேடைக்குப் பக்கத்துக் கதவு அந்தோணியின் கட்டிலுக்குத் திறந்தது. மனைவி கம்பெனிக்குப் போனபின் சாயங்காலம்வரை ஓட்டுக்கூரையையே பார்த்துக்கிடந்த மனிதர், இப்போது உப்புக் காரம் சொல்லி சரஸ்வதியிடம் திட்டு வாங்கிக்கொண்டு, முன்னைவிட நன்றாகச் சிரித்தார்.

வீட்டு ஓனர் வந்து பார்த்தார், "என்னக் கேக்காம எப்படிங் செவுத்துல கை வெப்பீங்க" என்று குதித்தார், கொத்தனாரைக் கூட்டிவந்து ஒரு கதவுக்குமேல் செங்கல் வைத்துப் பூசினார், மறுநாள் அந்தச் செங்கல்லுக்கு முன்னால் அதே கதவு நின்றது. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தவர், கதவில் ஆணி கீணி அடிக்கக் கூடாது என்று கண்டிஷன் போட்டுவிட்டுப் போனார்.

எல்லாக் கதவிலும் தாழ்ப்பாள் ஒரு பக்கம்தான் இருந்தது. அது ஏன் சில வீட்டில் உள்ளேயும் சில வீட்டில் அந்தப் பக்கமும் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் நாச்சிமுத்துதான், ஆயிரக்கணக்கான பனியனை வெட்டிய கண் அல்லவா. போர்வையில் எந்த வீட்டுத் துணி மேலே ஏறிக் கிடக்கிறதோ அந்த வீட்டுப் பக்கம் தாழ்ப்பாள். இது தெரிந்ததும் பெண்கள் தையல் கூடத்துக்குப் படையெடுத்தார்கள், என் துணியை மேலே எடுத்துவிடு, என் துணியை மேலே எடுத்துவிடு என்று. "இதென்ன ஜாக்கெட்டா, கை ஒசரம் பத்தலைன்னா மாத்தித் தர?" என்று அம்சவேணி ஷட்டரை இறக்கினாள்.

ஒரு கதவு மட்டும் கணக்கில் வரவில்லை. ரேணுகாவின் வீட்டில், தொட்டில் கட்டியிருந்த சுவரில், மற்றதைப் போலவே ஒரு பச்சைக் கதவு. தாழ்ப்பாள் அந்தப் பக்கம் இருந்தது, ஆனால் அந்தப் பக்கம் எங்களுடையது என்று ஒரு வீடும் உரிமை கொண்டாடவில்லை. கோவில் சாமிக்கு உள்ள கதவாக இருக்கும் என்று சரஸ்வதி குங்குமம்கூட வைத்தாள். ஒரு நாள் மத்தியானம் ரேணுகா வீடு கூட்டும்போது விளக்குமாறு கதவின் அடியிடுக்கில் மாட்டியது. குனிந்து பார்த்தாள். இடுக்குக்கு அந்தப் பக்கம் ஒரு இரும்பு பீரோவின் முதுகு, அதன் பின்கால் ஒன்று ஆடாமல் இருக்க அடியில் செருகிய ஒரு மரத்துண்டு. அது பாதிச் சப்பாத்திக்கட்டை. அதை அங்கே செருகியது அவள்தான், அது உடைந்தது அவள் முதுகில்.

அவள் அலறவில்லை. பிள்ளையைப் போர்வையோடு வாரிக்கொண்டு தையல் கூடத்துக்குப் போய், இடுக்கில் கண்டதைக் கிசுகிசுவென்று சொன்னாள். அம்சவேணி போர்வையின் நடுவைப் பார்த்தாள், தன் கையால் போட்ட பூக்களுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்த கட்டத்தைப் பார்த்தாள், முக்காலியில் உட்கார்ந்தாள். "நாந்தான் வெச்சேன் கண்ணு. உன்னைக் கேக்கோணும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றாள். எங்களில் யாரும் அவள் குரல் அப்படி இறங்கிக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து லைன் முழுக்க மெதுவாகப் பேசியது. தண்டபாணியின் பீரோவுக்குப் பின்னால்தான் கதவு நிற்கிறது, அவனுக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் தாழ்ப்பாள் அவன் பக்கம். குக்கருக்கு விசில் போடாமல் சமைத்தோம், டிவியை ஊமையாக்கிப் பார்த்தோம், நாச்சிமுத்து பக்திப் பாட்டை முணுமுணுப்பாக்கினார், ரேணுகா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய்ப் படுத்தாள். ஆனால் ரேணுகாவின் துணி எல்லா வீட்டையும் தொட்டதால் பிள்ளை எங்கே அழுதாலும் அந்தக் கதவுவரைக்கும் கேட்டது, அந்தப் பக்கத்துச் சத்தமும் எங்களுக்குக் கேட்டது: அவன் இருமுவது, பீரோமேல் சாவியை எறிவது, யாரையோ போனில் வைவது. ஒரு நாள் பிள்ளை வீறிட்டபோது அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது. நாங்களும் நின்றோம், கையில் இருந்த கரண்டியோடும் துடைப்பத்தோடும் அப்படியே நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து டிவி மறுபடியும் ஓடியது. ஆனால் முன்னைவிடச் சின்னச் சத்தத்தில் ஓடியது, அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

பிரிக்கலாம் என்றால் அதுவும் லேசில்லை. பிள்ளையை எடுத்துவிட்டு அம்சவேணி போர்வையை மேஜையில் விரித்து ஊசியை வைத்தாள், ஊசி வளைந்தது. வேறு ஊசி, அதுவும் வளைந்தது. கத்தரிக்கோல் நழுவி அவள் விரலைக் கிழித்தது. பிள்ளை இல்லாதபோது அது போர்வையாக இல்லை, சுவராக இருந்தது. பிள்ளையைத் திரும்பப் போட்டுச் சுற்றினால் மெத்தென்று குழைந்தது. பிள்ளை கிடக்கும்போதுதான் பிரிக்க முடியும், பிள்ளையின் நெஞ்சுக்கு நேர்மேலே பிரிக்க வேண்டும்.

சரஸ்வதி வீட்டில் எல்லோரும் கூடினோம், அந்தோணி கட்டிலில் இருந்தபடியே கதவு வழியாகக் கலந்துகொண்டார். "நூலு நடுவுல இருந்துதான் கெளம்புது. அங்க கை வெச்சா மத்த கதவு நிக்குமா போகுமான்னு எனக்கே தெரியாது" என்றாள் அம்சவேணி. "வெறுமனே வெட்டி எறியவும் முடியாது. வெட்டுன ஓரம் பிசிரு உடும், பிசிரு எதையாவது புடிச்சுக்கும், அப்பறம் அவனுக்கு ஆரு ஊட்டுல கதவு மொளைக்குமோ."

எல்லோரும் அந்தோணியைப் பார்த்தோம், சரஸ்வதி வீட்டுக் கதவு போனால் அவருக்குத்தான் பார்க்க மறுபடியும் ஓட்டுக்கூரை மட்டும். "எம் மூஞ்சிய எதுக்குப் பாக்குறீங்க, பிரிச்சு விடுங்க" என்றார் அவர்.

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். "நாஞ் சொல்றனேன்னு கோவிக்காதீங்க. புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். பச்சப் புள்ள மேல ஊசி போடறது பாவமுங். கதவத் தொறந்து, பெரிய மனுசங்க நாலு பேரு வெச்சுப் பேசிப் பாக்கலாம்ல? புள்ளைக்கு அப்பன் வேண்டாமா?"

எங்களில் சிலர் தலையாட்டவும் செய்தோம். ரேணுகா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோய்விட்டாள்.

அது அப்படியே இழுத்துக்கொண்டு கிடந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை. எல்லா வீட்டிலும் கறி கொதித்துக்கொண்டிருந்தது, பிள்ளை ரேணுகாவின் வீட்டில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது, அப்போது இரும்பு தரையில் உராய்கிற ஒரு நீண்ட சத்தம் எல்லாக் கதவு வழியாகவும் எல்லா வீட்டுக்கும் வந்தது. பீரோவை நகர்த்துகிறான். நாங்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினோம், சின்ன அறை எங்களால் நிரம்பியது. ரேணுகா தொட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள், தோள் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டு.

அம்சவேணி ஊசியில் நூலைக் கோத்தபடியே வந்தாள். பிள்ளையைப் போர்வையோடு எடுத்து ரேணுகாவை உட்காரவைத்து அவள் மடியில் வைத்து, "அம்மிணி, நீ சொல்லு. போடட்டுமா?" என்று கேட்டாள். இந்தத் தடவை கேட்டாள். ரேணுகா தலையசைத்தாள். அம்சவேணி விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை ஒடித்துப் பல்லில் கடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். அதற்கப்புறம் அவள் ஒரு வார்த்தையும் பேச முடியாது, பேச வேண்டியதையெல்லாம் நாங்கள்தான் பேச வேண்டும்.

உராய்கிற சத்தம் நின்றது. "ரேணு" என்றது கதவு. குரல் தேனாக இருந்தது. "நான்தான். உள்ளதான இருக்கற? புள்ள சத்தம் கேக்குதே. என்ன புள்ள?"

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் குந்தினார். "ஏனுங் மாப்ள, கொஞ்சம் பொறுங்க. நாங்க லைன்காரங்க, நல்லது கெட்டது பேசிக்கலாமுங்" என்றார். "பேசிக்கலாமுங் மாமா, நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்? எம் பொண்டாட்டிய எங்கிட்டக் குடுங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்றான் அவன், அதே தேனில். பீரோ இன்னும் ஒரு முழம் நகர்ந்தது. அடியிலிருந்த மரத்துண்டு விடுபட்டு, உருண்டு, இடுக்கு வழியாக வந்து நாச்சிமுத்துவின் காலருகே நின்றது. அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன, சப்பாத்திக்கட்டையா? பாதியில ஒடஞ்சிருக்கு?"

"எம் முதுகுல ஒடஞ்சதுங்ண்ணா" என்றாள் ரேணுகா. "இன்னொரு பாதிய அடுப்புல வெச்சுட்டேன்."

நாச்சிமுத்து அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி உட்கார்ந்து, தன் அகலமான முதுகைக் கதவில் சாத்தி, இரண்டு குதிகாலையும் தரையில் ஊன்றினார். "புள்ளையெல்லாம் இல்லீங், போங்" என்றார். தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. கதவு எங்கள் பக்கம் ஒரு விரற்கடை தள்ளி வந்தது, சரஸ்வதி புருஷன் மேலேயே சாய்ந்தாள், ஷகிலா அவள் மேல் சாய்ந்தாள், நாங்கள் எல்லோரும் அவர்கள் மேல் சாய்ந்தோம்.

அம்சவேணி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐந்து பக்கத்தில் முதல் பக்கத்துப் பூவேலையை ஊசிமுனையால் நெம்பி அறுத்தாள், விடுபட்ட ஓரத்தை உடனே உள்பக்கம் மடித்தாள், மடித்த ஓரத்தை அதே துணிமேல் வைத்துச் சங்கிலித் தையல் போட்டு மூடினாள். அவன் துணியின் ஓரம் அவன் துணியிலேயே ஒட்டியது. ஊசி இறங்கும்போது பிள்ளையின் நெஞ்சு ஏறியது, நெஞ்சு இறங்கும்போது ஊசி ஏறியது, ஒரு தடவை தவறியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எங்களுக்கு இப்போதும் தைரியம் இல்லை. அறுபட்ட நூல் ஒவ்வொன்றுக்கும் லைனில் ஏதோ ஒரு கதவு நடுங்கியது. அந்தோணி தன் கட்டிலிலிருந்து "இங்க ஒண்ணும் ஆகல, நீ தைச்சுக்கிட்டே இரும்மா" என்று கத்திக்கொண்டே இருந்தார், அவர் அறைக் கதவு கீலோடு ஆடிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் சரஸ்வதி சொன்னாள்.

தேன் தீர்ந்துவிட்டது. "தொறடீ" என்றான். கடப்பாரை மரத்தில் விழுந்தது, நாச்சிமுத்துவின் தலைக்குமேல் பலகை பிளந்து இரும்பு முனை வெளியே வந்தது, போனது, மறுபடி வந்தது. பிள்ளை கண்ணைத் திறந்தது. அழவில்லை, துரும்பைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்த அந்த முகத்தை மட்டும் பார்த்தது. நாலாம் பக்கம் மடங்கியது, ஐந்தாம் பக்கம் மடங்கியது, சட்டைத்துண்டு சுருங்கிச் சுருங்கி ஒரு பொட்டலமாகி, ஒற்றை நூலில் மட்டும் போர்வையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அந்த நூல் ஊசிமுனைக்கு அறுபடவில்லை. கத்தரிக்கோல் கூடத்தில் கிடந்தது. பல்லால் கடிக்கலாம் என்றால் பல்லில் துரும்பு, துரும்பை விட்டால் பிள்ளைக்கு ஆகாது. அம்சவேணி நூலை இழுத்துப் பிடித்தபடி ரேணுகாவைப் பார்த்தாள்.

ரேணுகா குனிந்தாள். தன் பிள்ளையின் நெஞ்சில் முகம் வைக்கிறவள் மாதிரி குனிந்து, அந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்துத் துப்பினாள்.

எங்கள் முதுகுகளுக்குப் பின்னால் கதவு இல்லை. வெறும் சுவர், நாலைந்து வருஷத்துச் சுண்ணாம்பு, சரஸ்வதி வைத்த குங்குமம் அதில் அப்படியே இருந்தது. பிள்ளை அப்போதுதான் அழுதது, வீறிட்டு, நெஞ்சு நிறைய அழுதது, இத்தனை நாளாக அடக்கி வைத்த எங்கள் சத்தமெல்லாம் அதோடு சேர்ந்துகொண்டது. நாச்சிமுத்து உட்கார்ந்த இடத்திலேயே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அம்சவேணி துரும்பை எடுத்து வெளியே எறிந்துவிட்டு, "நூலு கொஞ்சம் மக்கிப்போச்சு, மாத்தோணும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

தண்டபாணியின் கதையைப் பிற்பாடு வெள்ளக்கோவில் பக்கத்து பஸ் கண்டக்டர் ஒருவர் சொன்னார். அவன் கதவை உடைத்துக்கொண்டு கடப்பாரையோடு உள்ளே பாய்ந்திருக்கிறான், பாய்ந்து பார்த்தால் அவன் வீடு, அதே பீரோ, அதே டிவி. மறுபடி கதவுக்குள் போனான், மறுபடியும் அவன் வீடு. இன்னும்கூட வேலை இல்லாத நாளில் போய்ப் பார்க்கிறானாம், எத்தனை தடவை போனாலும் தன் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறானாம், அந்த வீட்டில் அடிக்க அவனைத் தவிர யாரும் இல்லையாம்.

மற்ற கதவுகள் போகவில்லை. போர்வையின் நடுவில் மட்டும் ஐந்து மூலையாக ஓர் ஓட்டை. அன்று சாயங்காலம் என்ன துணி வைக்கலாம் என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம், அம்சவேணி வாயை மூடுங்கள் என்று சொல்லிவிட்டு, கட்டியிருந்த சேலையின் முந்தானையிலேயே கத்தரிக்கோலை வைத்து ஒரு துண்டை வெட்டினாள். இத்தனை வீட்டுத் துணியைத் தைத்தவள் தன் துணியைச் சேர்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மறுபடியும் ஒரு ஈர்க்கை ஒடித்துக் கடித்துக்கொண்டு, துண்டை ஓட்டைக்குக் கீழே கொடுத்து, ரேணுகாவின் சேலை ஓரத்தை அதன்மேல் ஏற்றி மடித்து, இறகுத் தையல் போட்டாள்.

விடிந்ததும் அந்தச் சுவரில் பச்சைக் கதவு நின்றது. கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாங்கள் அவரவர் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ரேணுகா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அறையின் அடுத்த மூலையில் ஒடுங்கி நின்றாள். கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. அவள் தோள் ஏறியது.

"நான்தான் கண்ணு, அம்சவேணி. புள்ளைக்கு வெந்நி வெச்சிருக்கேன்."

ரேணுகா மெல்ல நடந்துவந்து கதவைத் தடவிப் பார்த்தாள். தாழ்ப்பாள் அவள் பக்கம் இருந்தது. அதை இழுத்தாள், தள்ளினாள், இழுத்தாள், தள்ளினாள். பிறகு "இப்ப வேண்டாங்க்கா" என்றாள்.

"செரி கண்ணு" என்றது அந்தப் பக்கம். பொல்லாத வாய்க்காரி, ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம், பிறகு திரும்பிப் போகிற காலடிச் சத்தம். தான் வேண்டாம் என்று சொன்னதும் ஒருவர் திரும்பிப் போவதை ரேணுகா அதுவரை கேட்டதே இல்லை. அந்தக் காலடி கூடத்தின் மூலைவரை போய் மெஷின் முக்காலி இழுபடும்வரை காதைக் கதவில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், கேட்கக் கேட்க அவள் தோள் இரண்டும் இறங்கி, இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தன. பிறகு அவளே தாழ்ப்பாளைத் திறந்தாள்.